வெந்ததும் தானே நின்றுவிடும்

"நீ குவைத்துக்குப் போயிட்டா எனக்கு யாருடி சோறாக்குறது?"

ஒவ்வொரு தடவையும் பிரதாப் இந்த ஒரு கேள்வியிலேயே கதவை அடைத்துவிடுவான். தேயிலைக் கொழுந்துக் கூடையிலிருந்து தப்ப, சுதர்ஷினிக்கு அந்த வெளிநாட்டு வீட்டுவேலையை விட்டால் வேறு வழியில்லை.

கடைசியில் நஸார் நானா கடையில் ஒரு ரைஸ் குக்கரை வாங்கி வந்து புருசன் முன்னால் வைத்தாள்.

"அரிசியக் கழுவிப் போட்டு, ஒரு விரக்கட்ட ஒசரத்துக்குத் தண்ணி ஊத்துங்க. இந்த சுவிச்ச அமத்திட்டா போதும். வெந்ததும் தானா நின்னுரும்."

"இதக் கண்டுபிடிச்சவன் பொண்டாட்டியும் குவைத்துக்குப் போயிருப்பா போல!"

முதல் நாள் சோறு கூழாகிப் போனது. அவள் அதையும் வழித்துத் தின்றாள். மாதம் முடிவதற்குள் அவன் பருப்பு, கிழங்கு, கருவாட்டுக் குழம்பு வரைக்கும் அதிலேயே ஆக்கினான். லயத்தில் பக்கத்து அறைகளில் இருந்த பெண்கள் வயிறெரிந்தார்கள்.

இனி எதைச் சொல்லி மறுப்பான்? கேட்டுவிடும் துணிச்சலோடு அன்று மலையிலிருந்து இறங்கி வந்தாள். பிரதாப் குக்கரைத் தான் உடுத்தும் சாரத்தில் சுற்றிப் பயணப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"கொழும்புக்கு. ஸ்டோர்ஸ் ஒண்ணுல ரொம்ப நாளா வேலைக்குக் கூப்பிடுறாங்க. தங்க எடம் தருவாங்க, சோறு நாமதான் ஆக்கணும். அதுக்குப் பயந்துதான் கெடந்தேன். நல்ல வேள, நீ பழக்கிவிட்ட."

"அப்ப... என் பயணம்?"

"ரெண்டு பேரும் போனா நாம குடியிருக்குற காம்பராவத் தொர புடுங்கிருவாரு புள்ள. ஒருத்தராவது தோட்டத்துல வேலைக்குப் பேர் போட்டிருக்கணும்ல?"