கெட்டிச் சுவர்

தரகர் போன் பேச வெளியே போனதும், படுக்கையறையில் மனைவி கணவனின் காதைக் கடித்தாள்.

"ஆயுசுக்கும் சேர்த்த காசுங்க. இந்த வீட்டுக்கு இந்த விலை தகுமா?"

"தகாதும்மா. நான் பக்கத்து வீடு. போன வாரம் வந்தவங்களுக்கு இதைவிடக் குறைச்சுத்தான் சொன்னார் உங்க தரகர்."

வாய் சும்மா இருக்காத அக்கா ஒருத்தி ஹாலுக்குள் வந்துவிட்டாள் போலும். வந்தவரை லாபம் என்று மனைவி விசாரித்தாள்.

"பாத்ரூம் எப்படிக்கா?"

"குளிச்ச தண்ணி சாக்கடைக்குப் போகாது. கட்டிலுக்கடியில வந்து நிக்கும்."

"சுவராவது கெட்டியா?" என்றபடி மனைவி ஹாலை எட்டிப் பார்த்தாள். அங்கே ஈ, காக்கைகூட இல்லை. "அக்கா, எங்க நிக்கிறீங்க?"

"என் வீட்டு அடுப்படியிலதான், வெங்காயம் நறுக்கிட்டு. ஏம்மா கத்துற? மெதுவாவே பேசு, நல்லாக் கேக்குது."