முப்பத்தோராவது நொடி

ஒரு கணினி சர்வரிடம், படங்களைச் சேமித்து வைக்கும் பழைய டிஸ்க் ஒன்று வேலை பார்த்தது. கேட்ட படத்தைத் தேடி எடுத்துவர அதற்கு முப்பத்தொரு நொடி பிடிக்கும். சர்வரோ முப்பது நொடிக்கு மேல் காத்திருக்காது. நேரம் தவறினால் டிஸ்க் படத்தைத் திரும்ப உள்ளே வைத்துவிட வேண்டும். சர்வர் மறுபடி கேட்காமல் கொடுக்கவும் கூடாது. அதுதான் அங்கே வழக்கம்.

"அண்ணே, வாசலுக்கே வந்துட்டேன். இன்னும் ஒரே நொடி!" என்று கெஞ்சியது டிஸ்க்.

"இதையேதான் மூணு தடவையும் சொன்னே. நீ செத்துட்டேன்னு எழுதியாச்சு. கழற்ற ஆள் வருது," என்று சர்வர் திரும்பிக்கொண்டது.

இந்த முறை படத்தை உள்ளே வைக்க டிஸ்குக்கு மனம் வரவில்லை. அதை ஏந்தியபடி வாசலிலேயே நின்றது. திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"கையிலேயே இருக்கு, அண்ணே," என்றது. "ஒரே ஒரு தடவை கேளுங்களேன்."