பாதத்தில் நாடி

கண்ணிவெடியில் சிக்கிய சிப்பாயின் வலது காலை முழங்காலோடு அறுத்து வாளியில் போட்டாயிற்று. கூடாரத்துக்கு வெளியே குண்டு விழுந்துகொண்டே இருந்தது. ரத்தப்போக்கை நிறுத்துவதற்காக அதே பக்கத் தொடை இடுக்கில் செருகியிருந்த குழாயை டாக்டர் உருவினார். பீறிட்ட ரத்தம் என் முகத்தில் அடித்தது. ஓட்டையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன்.

அழுத்தம் அளவாக இருக்கிறதா என்று தெரிய, அந்தப் பக்கத்துப் பாதத்தில் நாடி பார்க்கவேண்டும். பழக்கதோஷத்தில் கத்திவிட்டேன்.

"அண்ணே, கால்ல நாடி பாருங்க!"

ஆர்டர்லி அண்ணன் காலையிலிருந்து பிணம் தூக்கியவர். யோசிக்காமல் வாளிக்குள் கையை விட்டார்.

"நல்லாத் துடிக்குது சிஸ்டர்."

"விளையாடாதீங்க! எனக்குக் கெட்ட கோவம் வரும்."

வந்த கோபத்தில் இன்னும் பலமாக அழுத்திவிட்டேன்.

"இப்ப நின்னுபோச்சு," என்றார்.

விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"மறுபடி வந்துடுச்சு." அவர் முகம் வெளுத்துவிட்டது. கை மட்டும் வாளியிலேயே இருந்தது.

மயக்கம் தெளிந்த சிப்பாய், கண்ணைத் திறக்காமலே முனகினான்.

"பாதத்த விடுங்கண்ணே. உங்க கை சில்லுனு இருக்கு."