கடலில் ஒரு கரும்புள்ளி

“ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கு சார். அதை மட்டும் மறைச்சுக் குடுத்தீங்கன்னா படம் இன்னிக்கே வண்டி ஏறிடும்.”

கண்காட்சிக்கூடத்தின் மேனேஜர் விரல் காட்டிய இடத்தில், நீலமும் சாம்பலுமாகப் புரளும் கடலுக்கு நடுவே, கறுப்பாக ஒரு சின்னத் தீற்றல் இருந்தது.

“ஈயும் இல்ல, எறும்பும் இல்ல. அது நீர்க்காகம்” என்றார் ஓவியர்.

“இருக்கட்டும் சார். வாங்குறது புது ஆஸ்பத்திரி. நோயாளிங்க வந்து காத்திருக்கிற ஹால். வெறும் கடலா இருந்தா மனசுக்கு இதமா இருக்கும்னு பெரிய டாக்டர் நினைக்கிறார். பிரஷ்ல ஒரு இழுப்பு, அவ்வளவுதானே?”

ஒரு இழுப்புதான். ஆனால் ஓவியருக்கு அது உயிரைப் பிடுங்குகிற வேலை. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையிலேயே நின்று, கண்ணில் பட்டதைப் பட்டபடி வரைந்து, வெளிச்சம் மாறுவதற்குள் முடித்துவிடுகிறவர் அவர். வீட்டுக்கு வந்தபின் ஒரு புள்ளி கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். இந்த வீம்பினாலேயே அவருடைய படங்கள் பெரும்பாலும் அவர் வீட்டுச் சுவரைத்தான் அலங்கரித்துக்கொண்டிருந்தன. “நாலு பேர் பார்க்கிற இடத்துல ஒண்ணாவது தொங்கட்டுமே. கொஞ்சம் வளைஞ்சுதான் குடுங்களேன்” என்று மனைவி காலையில்கூடச் சொல்லி அனுப்பியிருந்தாள். கண்காட்சிக்கு இன்றுதான் கடைசி நாள். வேறு எந்தப் படத்தையும் யாரும் கேட்கவில்லை.

“சரி, நீலத்தைக் குழைக்கிறேன்” என்றார் ஓவியர்.

அவர் தட்டில் சாயத்தைப் பிதுக்கும்போது அந்தப் பெண் உள்ளே வந்தாள். கண்காட்சி தொடங்கியதிலிருந்து தவறாமல் வருகிறவள். மற்றப் படங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். நேரே இந்தக் கடலுக்கு முன்னால் வந்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நிற்பாள்; ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள். மேனேஜர் அவளுக்கு ‘எக்ஸாமினர்’ என்று பட்டம் சூட்டியிருந்தார். ஓவியருக்கோ உள்ளூரப் பெருமை. இந்த வயதில் ஒரு ரசிகையாவது வாய்த்தாளே!

பிரஷில் நீலத்தைக் கண்டதும் எக்ஸாமினர் முதல்முறையாக வாய் திறந்தாள்.

“என்ன சார் பண்ணப் போறீங்க?”

“இந்தப் பறவையை மூடப் போறேம்மா. கேட்கிறாங்க, என்ன செய்ய?”

“ஐயோ, வேண்டாம் சார்!” அவள் படத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். “முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இது அழகுக்காக நீங்களாச் சேர்த்ததா, இல்ல நிஜமாவே அங்கே இருந்துதா?”

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று காலமெல்லாம் ஏங்கிக் கிடந்தவர் அவர். பிரஷைக் கீழே வைத்துவிட்டார்.

“இல்லாததை வரையறவன் நான் இல்லைம்மா. கண்ணால பார்த்தாத்தான் கை நகரும்.”

“கீழே போட்டிருக்கிற கரையோட பேரும் தேதியும்?”

“வரைஞ்ச இடமும் தேதியும்தான். விடிஞ்சதும் நின்னேன், வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுட்டேன். மறுநாள் போனா அது வேற கடல்.”

“அப்போ நல்லாப் பார்த்தீங்களா சார்?”

“நல்லாப் பார்க்கவே கூடாதும்மா, அதுதான் எங்க தொழில்ல சூட்சுமம்” என்று சிரித்தார். “கண்ணைப் பாதி மூடிக்கணும். அப்பத்தான் சில்லறை விவரமெல்லாம் மறைஞ்சு, வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிக்கும். ரொம்பத் தூரத்துல கறுப்பா இது தெரிஞ்சுது. முங்கும், மேல வரும், ரெண்டு இறக்கையையும் விரிச்சு அடிக்கும், மறுபடி முங்கும். அப்பப்பா, என்ன துடிப்பு! சட்டுனு ரெண்டு கோடு இழுத்துப் பிடிச்சுட்டேன். நிமிர்ந்து பார்த்தா ஆளைக் காணோம். பறந்து போயிடுச்சு போல.”

“சத்தம் ஏதாவது கேட்டுதா?”

“காத்து கடலைப் பார்த்து அடிச்சுது. அலைச்சத்தம் வேற. அது கத்தினா எனக்கு எங்கே கேட்கும்?”

அவள் திரும்பி, படத்துக்கு மிக அருகில் போனாள். கறுப்பிலிருந்து மேலே விரியும் இரண்டு கோடுகளையும், தொடாமல், விரலால் காற்றில் வரைந்து பார்த்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். மேனேஜர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, தலைச்சுமையை இறக்கி வைத்தவளைப்போல இருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குக் குடுங்க, குடுக்காம இருங்க சார், அது உங்க இஷ்டம். ஆனா இதை மட்டும் அழிச்சுடாதீங்க. என் மாமியாரையும் நாத்தனாரையும் கூட்டிட்டு வந்து காட்டணும்.”

“இந்தப் பறவையையா?” ஓவியருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“அன்னிக்குக் காலைல என் வீட்டுக்காரர் அங்கேதான் குளிக்கப் போனார் சார். நான் சண்டை போட்டதாலதான் வேணும்னே போய் உயிரை விட்டுட்டார்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நம்பி, தினம் தினம் செத்துக்கிட்டிருந்தேன்.” அவள் அந்தக் கறுப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இல்ல சார், அவர் பிழைக்கத்தான் பார்த்திருக்கார். ரெண்டு கையையும் தூக்கி உங்களைத்தான் கூப்பிட்டிருக்கார்.”