மூன்று முறையும் ஒரே எண்

“தூ! இது மெஷினா, கிளி ஜோசியமா?”

டாக்டர் யக்ஞநாராயணன் மூன்று காகிதத் துண்டுகளையும் மேஜைமேல் வீசினார். மைனஸ் 1.9, மைனஸ் 2.1, மைனஸ் 2.0. ஒரே பெண்ணின் ஒரே குதிகாலைப் பத்து நிமிஷத்தில் மூன்று தடவை அளந்து, எலும்பின் அடர்த்தி சராசரியைவிட எவ்வளவு குறைவு என்று இயந்திரம் அச்சடித்துத் தந்த எண்கள்.

“காலை எடுத்துட்டு மறுபடி வெச்சா ஸ்வல்ப மாறத்தான் சார் செய்யும்,” என்றார் அதைக் கொண்டுவந்திருந்த செலுவநாராயணன். “எந்த மெஷினா இருந்தாலும் அப்படித்தான்.”

“சாக்கு சொல்லாதீங்கோ!”

டாக்டரின் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. போன மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்த ஓர் இலவச முகாமில், ரங்கம்மா என்ற பெண்ணை இப்படியொரு பெட்டியில் காலை வைக்கச் சொல்லி, ‘எலும்பு இரும்பு மாதிரி இருக்கு’ என்று அனுப்பியிருந்தார்கள். பத்தாம் நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இன்னும் அவள் எழுந்து நடக்கவில்லை.

அன்றுமுதல் எலும்பு அளக்கிற பெட்டி என்றாலே அவருக்கு ஆகவில்லை. ஆனாலும் 1998-இல் மைசூரில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரி நடத்துகிறவருக்கு அது இல்லாமல் முடியவில்லை. அதனால்தான் இரண்டு கம்பெனிக்காரர்களையும் ஒரே நாளில் வரவழைத்து, ஒரே ஆளை வைத்துச் சோதிக்கத் தீர்மானித்தார்.

அந்த ஆள் பழனாத்தாள், ஹனூர்க்காரி. முதல் தடவையாக வைத்தியத்துக்கு வந்து சீட்டு வாங்கியவளை, டாக்டர் அறைக்குள் வருவதற்கு முன்பே ஆயா கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார்த்தியிருந்தாள்.

“எனக்கு இடுப்புத்தானுங்க நோவுது. காலை எதுக்குங்க அளக்கறீங்க?”

“எல்லாம் அப்புறம் பார்க்கலாம்மா,” என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமலே.

அடுத்தது பெங்களூர் சுப்ரமணியனின் முறை. கழுத்தில் டை. தன் பெட்டிக்குள் இரு பக்கமும் இருந்த திண்டுகளில் களிம்பைத் தடவிவிட்டுத் தள்ளி நின்றார். ஜில்லென்று பட்டதும் பழனாத்தாள் சிலிர்த்தாள்.

மைனஸ் 1.4.

இரண்டாம் தடவையும் சிலிர்த்தாள். மைனஸ் 1.4.

“சாமி, இந்த இடுப்பு...”

“அட, காலை வைம்மா சும்மா!” சுப்ரமணியன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. களிம்பு பட்ட விரல்களைக் கைக்குட்டையால் அருவருப்போடு துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் செலுவநாராயணனை டாக்டர் இன்னும் திட்டித் தீர்க்கவில்லை.

பழனாத்தாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டிக்குள் காலை வைத்தாள். இந்தத் தடவை அவள் சிலிர்க்கவில்லை.

மைனஸ் 1.4.

“பார்த்தீங்களா சார்! ஒரு புள்ளிகூட மாறலை!” என்று குதித்தார் சுப்ரமணியன்.

டாக்டர் மூன்று துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

“இதுக்குப் பேர்தான் மெஷின்,” என்றவர், செலுவநாராயணன் பக்கம் திரும்பியதும் மறுபடி முகத்தைச் சுளித்தார். “உங்க பெட்டியைத் தூக்கிண்டு கிளம்புங்கோ. நாக்கூசாம ‘மாறத்தான் செய்யும்’னு சொல்றீங்களே, உங்களை நம்பி இன்னும் எத்தனை ரங்கம்மா விழணும்?”

செலுவநாராயணன் குனிந்து ஒயரைச் சுருட்டினார். காது மடல் சிவந்திருந்தது.

டாக்டர் ஆர்டர் தாளை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, அப்போதுதான் பழனாத்தாளை நிமிர்ந்து பார்த்தார்.

“ரொம்ப உபகாரம்மா. எது நிஜம், எது பொய்னு உன் கால்தான் காட்டிக் குடுத்தது.”

“அப்படிங்களா சாமி?” பழனாத்தாள் சேலையை முழங்கால்வரை தூக்கினாள். “கடைசியா வெச்சது என்னோட ரப்பர் காலுங்க.”