ஜூலை பதினேழு

வருஷக் கடைசியில் அரசு விடுமுறைப் பட்டியல் வரும் நாளில் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடாது. வியாழக்கிழமை பண்டிகை என்றால் வெள்ளிக்கு ஒரு லீவைப் போட்டு நாலு நாளாக நீட்டிவிடலாம். அந்த வெள்ளிகளுக்குத்தான் அடிதடி. சுவரில் மாட்டிய புதுக் காலண்டரில் முதலில் பெயர் எழுதியவருக்கே நாள் சொந்தம்.

தில்லைநாயகி மட்டும் கூட்டம் கலைந்த பிறகு வந்து ஜூலை பதினேழில் தன் பெயரை எழுதுவார். முன்னும் பின்னும் எதோடும் ஒட்டாத ஒற்றை நாள். கோயிலா, கோர்ட்டா, கல்லறையா என்று கேன்டீனில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

இந்த வருஷம் மொகரம், பிறையோடு நகர்ந்து நகர்ந்து, அதே பதினேழில் வந்து நின்றது. சிவப்பு எண்ணின் மேலேயே பெயரை எழுதியிருந்தார். ஜூலை பிறந்ததும் லீவுக் கடிதமும் என் மேஜைக்கு வந்தது.

"அன்னைக்கு ஆபீஸே கிடையாதேம்மா. எதுக்கு ஒரு லீவை வீணாக்கறீங்க?"

"அது எல்லாருக்கும் விட்ட லீவு சார். இது நான் எடுக்கறது."

"அப்படி என்னதான் அன்னைக்கு?"

"கடிதத்துல எழுதியிருக்கேனே சார். சொந்த வேலை."

விதியில் இடமில்லை என்று எழுதித் திருப்பிவிட நினைத்து, பழைய லீவுக் கோப்பைப் புரட்டினேன். பதினேழு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த வருஷங்களிலும் அவர் கடிதம் இருந்தது. எனக்கு முன் இந்த நாற்காலியில் உட்கார்ந்த மூன்று பேரும், மறுபேச்சில்லாமல் அவர் லீவுக் கணக்கில் ஒரு நாளைக் கழித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பேனா மூடியைக் கழற்றினேன்.