சாட்சித் தட்டு

"அந்த ஸ்வெட்டரோட உள்ள வராதேன்னு உனக்கு எத்தனை தடவைடா சொல்றது?"

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் அக்கா. கதவருகே கிடந்த முக்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். எப்போது வந்தான் என்று அவள் கவனிக்கவில்லை.

"வெளிய குளிருதுக்கா."

"குளிருதுன்னா வீட்டுக்குப் போ. இது சோதனைக்கூடம்."

"வீடு பூட்டிக் கிடக்கு. நீதான் இங்கேயே குடியிருக்கியே."

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி அப்பிக் கிடந்தது. ஜன்னல் இடுக்கையெல்லாம் அவளே டேப் ஒட்டி அடைத்திருந்தாள். பருத்தி தவிர வேறெதையும் உடுத்திக்கொண்டு யாரும் இந்த அறைக்குள் வரக் கூடாது; செயற்கைத் துணியிலிருந்து உதிரும் நூலும் பிளாஸ்டிக்தான்.

கடலில் எவ்வளவு பிளாஸ்டிக் துகள் கலந்திருக்கிறது என்பதை இங்கே சிப்பிகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். கரையோரம் ஐந்து இடங்களில் உயிருள்ள சிப்பிகளைக் கூடையில் கட்டித் தொங்கவிடுவார்கள். அவை பொழுதுக்கும் கடலைக் குடித்துத் துப்பிக்கொண்டிருக்கும். துப்ப முடியாததை வயிற்றில் வைத்துக்கொள்ளும். கூடையைத் தூக்கி வந்து, சதையைக் கரைத்து வடிகட்டினால் மிஞ்சுவது மனிதர்கள் கடலில் விட்டது.

ஐந்தாம் கூடையில் மிஞ்சியது ஆரஞ்சு நூல். ஏதோ ஒரு சிப்பியில் இல்லை, எல்லாவற்றிலும்.

அது எந்த நூல் என்று அறிய அவளுக்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை. கடலில் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் ஆள் தெரிய வேண்டும் என்று கடை கடையாக ஏறி அவளே வாங்கி, அவளே தம்பிக்கு ஸ்வெட்டராகப் பின்னியது.

தொலைபேசி அடித்தது. தலைமை ஆய்வாளர்.

"என்னம்மா, அறையா, கடலா?"

"இன்னும் தட்டைப் பார்க்கலை மேடம்."

"இருட்டறதுக்குள்ள சொல்லிடும்மா. துறைமுகத்துல அத்தனை பேரும் உன் ஒரு வார்த்தைக்குத்தான் நிக்கிறாங்க. உன்னால முடியலைன்னா வேற யாரையாவது பார்க்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே பார்க்கிறேன்."

நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தட்டு, உள்ளே நனைத்த வடிதாள். சாட்சித் தட்டு என்பார்கள். அறைக் காற்றில் எது பறந்தாலும் அதில் வந்து விழுந்து ஒட்டிக்கொள்ளும். காலையிலிருந்து திறந்தே இருக்கிறது. அதில் ஆரஞ்சு நூல் தென்பட்டால், சிப்பியில் கண்டதும் இந்த அறைக் குப்பைதான். ஐந்தாம் கூடையின் முடிவைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். தென்படாவிட்டால் அது கடலிலிருந்தே வந்தது.

"என்னாலயா உனக்கு இந்தத் தொல்லை?" என்றான் தம்பி.

"வேற யாரால? டீ இருக்கான்னு கேட்டுக்கிட்டு இதே முக்காலியில வந்து உட்கார்ந்து, நூல் நூலா உதிர்த்துட்டுப் போறவன் நீதானே."

"ஒரு கை நீளம், ஒரு கை குட்டைன்னு பின்னினது யாரு? நீளக் கையை மடிச்சு மடிச்சு விட்டா உதிராம என்ன செய்யும்?"

"உன் கை ரெண்டும் ஒரே நீளம்னு உனக்கு யார் சொன்னது?"

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

"ஐந்தாம் கூடை முடிச்சைப் புதுப் படகுக்காரருக்கு அவிழ்க்கவே தெரியலையாம். அறுத்து எடுத்துட்டு வந்திருக்கார்."

"அவிழற மாதிரி நான் போடலையே. அந்தப் பாறை இடுக்குல அலை எப்படி இழுக்கும்னு உனக்குத் தெரியாதுக்கா."

"தலை ஏன்டா இவ்வளவு ஈரம்? துவட்டு."

"துவட்டிக்கிட்டேதான் இருக்கேன்." அவன் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "தட்டைப் பாருக்கா. குளிருது."

"பார்க்கிறேன், பறக்காதே." ஆனால் அவள் கை தட்டுப் பக்கம் போகவில்லை.

"வேணும்னா உன் கண்ணு முன்னாடியே உதறிக் காட்டட்டுமா?"

"உதறு."

அவன் எழுந்து வந்தான். நீளமான கையைச் சாட்சித் தட்டுக்கு நேர் மேலே நீட்டி உதறினான்.

"இன்னும் நல்லா உதறு."

உதறினான்.

"இன்னும்டா!" அவள் குரல் உடைந்தது.

தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். வெள்ளை இழைகள் தெரிந்தன. அவளுடைய மேலங்கிப் பருத்தி. கொஞ்சம் தூசி. ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்தினாள். மறுபடி முதலிலிருந்து நகர்த்தினாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

சாட்சித் தட்டு அழுக்காக இருக்க வேண்டுமே என்று இத்தனை வருஷ வேலையில் அவள் வேண்டிக்கொண்டது இன்றைக்குத்தான்.

தொலைபேசியை எடுத்தாள்.

"அறை இல்லை மேடம். கடல்தான்."

மேடம் தணிந்த குரலில் கேட்டார்: "உன் தம்பியோட காலிப் படகு கிடைச்ச பக்கமேதான் இத்தனை நாளும் தேடிக்கிட்டிருக்காங்க. இப்போ எங்கே போகச் சொல்லட்டும்மா?"

"ஐந்தாம் கூடைக்கு. பாறை இடுக்குல பார்க்கச் சொல்லுங்க." முக்காலிப் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "சீக்கிரம் தூக்கச் சொல்லுங்க மேடம். தம்பிக்கு ரொம்பக் குளிருதாம்."